50 முட்டைத் தெர்மாகோல் இன்குபேட்டர்: கடலூர், புதுவைக் காற்றுக்கு ஒத்துவருமா?

கொல்லையில் பத்து இருபது நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் முதன்முதலில் வாங்கும் பொரிப்பு இயந்திரம் பெரும்பாலும் இதுதான். மீன் பெட்டி போன்ற தெர்மாகோல் பெட்டி, மூடியில் கண்ணாடி ஜன்னல், உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன், முட்டையை உருட்டும் தட்டு, வெளியே வெப்பம், ஈரப்பதம், நாள்கணக்கு மூன்றையும் காட்டும் கண்ட்ரோலர். வேறு வேறு பெயர் ஒட்டி விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்த மதிப்பீடு ஒரு கம்பெனியைப் பற்றியது அல்ல, இந்த வகைப் பெட்டியைப் பற்றியது.

வாங்கலாம். சூட்டைப் பிடித்து வைப்பதில் தெர்மாகோலுக்கு நிகரான மலிவான பொருள் கிடையாது. ஆனால் பெட்டியோடு வரும் தாளில் தண்ணீர் பற்றி எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றினால், நம் கடலோரத்தில் பாதிக் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். "மெஷின் சரியில்லை" என்று இந்தப் பகுதியில் வரும் புகார்களில் பெரும்பங்கு தண்ணீர் கோளாறுதான். அதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் வெப்பம். ஃபேன் ஓடும் பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லாத பழைய மாடலில் முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்தால் 38.5 டிகிரி வரை இருக்கலாம். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு ஃபேன் பெட்டியில் 38.5 வைப்பவர்கள் இருக்கிறார்கள். குஞ்சு 19, 20ஆம் நாளே அவசரமாக வெளிவரும், சின்னதாக இருக்கும், கொப்பூழ் சரியாக மூடியிருக்காது.

கண்ட்ரோலர் 37.5 என்று காட்டுகிறது என்பதற்காக உள்ளே 37.5 இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. அரை டிகிரி, முக்கால் டிகிரி பிசகு சாதாரணம். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. முட்டை அளவுள்ள சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, முட்டை வைக்கும் தட்டில் நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று வையுங்கள். ஆறு மணி நேரம் பெட்டி ஓடட்டும். பிறகு மூடியைத் திறந்து காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பாட்டில் தண்ணீரில் விடுங்கள். 99.5 ஃபாரன்ஹீட் காட்டினால் சரி. நடுவுக்கும் மூலைக்கும் ஒரு ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஃபேன் காற்று நேராக பல்பு மேல் படுகிறதா, சென்சார் பல்புக்கு ரொம்ப அருகில் தொங்குகிறதா என்று பாருங்கள். சென்சாரின் நுனி முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்பின் வெளிச்சம் நேரே படாத இடத்தில் இருக்க வேண்டும். பல கடைகளில் அதை மூடியிலேயே ஒட்டித் தருகிறார்கள். பிரித்து இறக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஈரப்பத சென்சாருக்கும் ஒரு சோதனை உண்டு. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மண் பதத்தில் இருக்க வேண்டும். அதையும் சென்சாரையும் காற்றுப்புகாத ஜிப் கவரில் போட்டு எட்டு மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 82 காட்டினால் உங்கள் மீட்டர் ஏழு கூட்டிச் சொல்கிறது என்று பொருள். அந்த ஏழைக் கழித்தே எப்போதும் படியுங்கள்.

இனி தண்ணீர். தாளில் "அடியில் உள்ள இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் நிரப்பவும்" என்று இருக்கும். இது உலர்ந்த ஊருக்கு எழுதியது. நம் ஊர்க் கணக்கு வேறு. கடல்காற்று வீசும் ஒரு சாதாரண நாளில் அறைக்குள் 30 டிகிரி, ஈரப்பதம் 80 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஈரப்பதம் 52 பக்கம் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்குப் புத்தகங்கள் சொல்லும் அளவே 50 முதல் 55 தான். போதாததற்கு 50 முட்டைகள் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் நீரைத் தாமே வெளியே விடுகின்றன. இதற்கு மேல் இரண்டு பள்ளமும் நிரப்பினால் 65, 70க்குப் போய்விடும்.

ஈரம் கூடினால் என்ன நடக்கிறது? முட்டை 18 நாளில் தன் எடையில் 12 முதல் 13 சதவீதத்தை நீராக இழக்க வேண்டும். அப்படி இழந்த இடத்தில்தான் அகன்ற பக்கத்துக் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் முதல் மூச்சை அந்தக் காற்றறையில்தான் இழுக்கிறது. நீர் வெளியேறாவிட்டால் காற்றறை சிறிதாக நிற்கும். குஞ்சு ஊதிப்போய், திரும்ப இடமில்லாமல், மூக்கு நீரில் முங்கிச் சாகும். 21 நாள் கடந்து ஓட்டை உடைத்துப் பார்க்கும்போது முழுதாக வளர்ந்த குஞ்சு, சுற்றிலும் கொழகொழவென்று நீர், மஞ்சள் கரு பாதி வெளியே என்று இருந்தால் காரணம் இதுதான். மெஷினை மாற்றிப் பயனில்லை.

அதனால் கடலூர், புதுவை, பாகூர், அரியாங்குப்பம் பக்கம் வைப்பவர்கள் முதல் 18 நாளைத் தண்ணீர் ஊற்றாமல் தொடங்குங்கள். மீட்டர் எண்ணைவிட நம்பகமான சாட்சி தராசு. பத்து முட்டையை மொத்தமாகச் சமையல் தராசில் வைத்து, முதல் நாள் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 450 கிராம் இருந்தால் நாளுக்குச் சுமார் 3 கிராம் குறைய வேண்டும்: ஏழாம் நாள் 429, 18ஆம் நாள் 394 பக்கம். ஏழாம் நாள் 435க்கு மேலே நின்றால் ஈரம் கூடுதல். காற்றுத் துளைகளை முழுக்கத் திறங்கள். 420க்குக் கீழே போனால் உலர்கிறது. ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் விடுங்கள். தை மாதம் இரவெல்லாம் அறை 25 டிகிரிக்கு இறங்கும்போதும், வெயில் காலத்தில் கடல்காற்று வராமல் மேற்கிலிருந்து மேல்காற்றே அடிக்கும் நாட்களிலும் பெட்டிக்குள் ஈரப்பதம் 40க்குக் கீழே வரும். அப்போது ஒரு பள்ளம் தேவைப்படும். விருத்தாசலம், நெய்வேலி பக்கம் உள்ளே போனவர்களுக்கு இந்த நாட்கள் அதிகம். கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே தண்ணீர் அளவு. தாளில் இருக்கும் ஒரே அளவு எல்லா ஊருக்கும் பொருந்தாது.

இன்னொன்று. ஈரம் தண்ணீரின் ஆழத்தால் கூடுவதில்லை, பரப்பால்தான் கூடுகிறது. பள்ளத்தில் இரண்டு விரல் தண்ணீர் நின்றாலும் அரை விரல் நின்றாலும் ஒன்றுதான். கூட்ட வேண்டுமானால் தண்ணீரில் பாதி முங்கியபடி ஒரு ஸ்பாஞ்சு வையுங்கள்.

உருட்டும் தட்டு இந்தப் பெட்டியின் பலவீனமான பகுதி. உருளைகளின் இடைவெளி பண்ணை முட்டைக்காக, அதாவது 55, 60 கிராம் முட்டைக்காக அமைத்தது. நம் நாட்டுக்கோழி முட்டை 40 முதல் 45 கிராம். சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி இனத்தின் முட்டை இன்னும் சிறிது. அவை உருளைகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்துகொண்டு உருளாமல் வழுக்கும். வெளியே மோட்டார் சத்தம் கேட்கும், உள்ளே முட்டை அப்படியே இருக்கும். திரும்பாத முட்டையில் கரு ஓட்டோடு ஒட்டிப்போய்ச் சாகும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, எதிர்ப்பக்கம் வட்டம் போட்டு, அரை நாள் கழித்துப் பாருங்கள். திரும்பாதவை இருந்தால் உருளைகள் மேல் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினால் பிடிப்பு வரும். அதற்கும் மசியாவிட்டால் கையால் திருப்புங்கள்: ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படையில் இருந்தால்தான் இரவின் நீண்ட நேரம் தினமும் ஒரே பக்கத்தில் கழியாது. வாங்கும்போதே தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், கூர்நுனி கீழாக முட்டையை நிறுத்தி 45 டிகிரி சாயும் தட்டு வைத்த மாடலை எடுங்கள். சின்ன முட்டைக்கு அதுவே மேல்.

குண்டு பல்பு பற்றி ஒரு எச்சரிக்கை. சாதாரண குண்டு பல்பின் ஆயுள் 1000 மணி நேரம். 21 நாள் என்பது 504 மணி நேரம். பாதி நேரமே எரிந்தாலும், அணைந்து எரிந்து அணைந்து எரியும்போது இழை சீக்கிரம் அறும். இரண்டு மூன்று ஈடு முடிந்ததும் எரிகிற பல்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கடையில் குண்டு பல்பு இல்லை என்று எல்.இ.டி. கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் முட்டைக்கு வேண்டிய சூடு வராது. சில மாடல்களில் பல்புக்குப் பதில் ஹீட்டர் கம்பி வருகிறது. நீடித்து உழைக்கும். ஆனால் கண்ட்ரோலருக்குள் ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. 41, 42 டிகிரியில் கொஞ்ச நேரம் போதும், மொத்த ஈடும் போய்விடும். ஆகவே இரண்டாவதாக ஒரு சின்ன தெர்மோஸ்டாட் வாங்கி, 38.5ல் துண்டிக்கும்படி ஹீட்டர் கம்பியோடு தொடராக இணைக்கச் சொல்லுங்கள். பக்கத்து எலக்ட்ரீசியனுக்கு அரை மணி நேர வேலை. இந்த விலைப் பெட்டியில் இது ஏன் கூடவே வருவதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

உப்புக்காற்று ஃபேனையும் இணைப்புகளையும் தின்னும். தேவனாம்பட்டினம், பழைய துறைமுகப் பக்கம், புதுவைக் கடற்கரைத் தெருக்கள் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஈட்டுக்கு முன்னும் கம்பி இணைப்புகளைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாற்று ஃபேன் கைவசம் இருக்கட்டும். ஃபேன் நின்றால் பல்பு எரிந்துகொண்டே இருக்கும், மேலே கொதிக்கும், மூலை குளிரும், கண்ட்ரோலரோ சென்சார் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று காட்டும்.

கரண்ட் விஷயத்தில் விற்பவர் சொல்லும் "பேட்டரியிலும் ஓடும்" என்ற வார்த்தையைத் தோண்டிக் கேளுங்கள். பல பெட்டிகளில் 12 வோல்ட் இணைப்பு ஃபேனையும் கண்ட்ரோலரையும் மட்டுமே ஓட்டும், பல்புக்கு 230 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் சூடும் வருகிறதா என்பதைக் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்படி வரும் பெட்டி சராசரியாக 25 வாட் இழுக்கிறது என்று கொண்டால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிவரை இறக்கும்போது ஒன்றரை மணி நேரம் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இந்தப் பெட்டிக்கு மட்டும் என்றால் ஒரு நாளுக்கு மேல் வரும்.

பேட்டரியே இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டுக்குப் பதற வேண்டாம். நம் ஊர் அறை 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மூடியைத் திறக்காமல், போர்வை ஒன்றைக் காற்றுத் துளை மறையாதபடி போர்த்திவிடுங்கள். நீடித்தால் வெந்நீர் பாட்டில் இரண்டு மூலையில் வைக்கலாம். வளர்ச்சி கொஞ்சம் தாமதப்படும், குஞ்சு அரை நாள் பிந்தும், அவ்வளவுதான். கடைசி நான்கைந்து நாளில் நிலைமை வேறு. குஞ்சுகளே சூட்டை வெளியிடும், மூச்சுக்கும் காற்று வேண்டும். அப்போது போர்த்தாமல் துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும். புயல் காலம் இதையெல்லாம் மீறியது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் வந்தபோது புதுவை வெள்ளத்தில் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் முட்டை வைக்காமல் இருப்பதே நல்லது. தை, மாசிதான் இந்தப் பெட்டிக்கு ஏற்ற காலம். மே மாதக் கத்திரியில் இன்னொரு தொல்லை: இந்தப் பெட்டிக்குச் சூடேற்றத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38 டிகிரி ஆனால் உள்ளே இன்னும் கூடும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது.

முட்டையைப் பற்றிச் சுருக்கமாக. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூமுட்டைதான் மிஞ்சும். ஏழு நாளுக்குள் இட்ட முட்டை. வெயில் காலமென்றால் நாலு நாளுக்குள். ஃபிரிட்ஜ் வேண்டாம், ஈரமணல் மேல் வைத்த பானைக்குள் கூர்நுனி கீழாக அடுக்குங்கள். கழுவாதீர்கள். அழுக்கு அதிகமான முட்டையைச் சமையலுக்கு அனுப்புங்கள். அதிலிருந்து வரும் கிருமிதான் குஞ்சின் கொப்பூழ் சீழ்பிடிக்கக் காரணம். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் ரத்த நாளம் ஓடினால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் செத்துவிட்டது. செத்ததை எடுத்துவிடுங்கள், உள்ளேயே அழுகி வெடித்தால் தெர்மாகோலில் ஊறிய நாற்றமும் கிருமியும் எளிதில் போகாது.

18ஆம் நாள் உருட்டுவதை நிறுத்தி, உருளைகளைக் கழற்றுங்கள். தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும், ஏன் என்பது இருக்காது. குஞ்சின் கால் உருளை இடுக்கில் மாட்டும். வழவழப்பான தரையில் விட்டால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். சொரசொரப்பான சாக்குத் துண்டையோ பிளாஸ்டிக் வலையையோ விரியுங்கள். இப்போதுதான் தண்ணீருக்கு வேலை: இரண்டு பள்ளமும் நிரப்பி, ஸ்பாஞ்சும் வைத்து ஈரப்பதத்தை 65 முதல் 70க்கு ஏற்றுங்கள். இதற்குப் பிறகு மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் சேர்க்க வேண்டுமானால் காற்றுத் துளை வழியாக மெல்லிய டியூப் விட்டு வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். ஓட்டில் முதல் கொத்து விழுந்ததிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். இடையில் அசையாமல் கிடப்பது இயல்பு. அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆசைப்பட்டு ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் வரும். நடுவில் திறந்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். முதலில் பொரித்த குஞ்சு பசிக்குமே என்று திறக்கவும் வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குப் போதும்.

இந்தப் பெட்டியைக் குஞ்சு வளர்க்கும் கூண்டாகவும் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்பவர்களின் பேச்சை ஏற்காதீர்கள். இறகு காயும்வரை மட்டுமே அது சரி. பிறகு நாலடி அகலத்தில் ஒன்றரை அடி உயர அட்டை வளையம், தரையில் இரண்டு அங்குலம் உமி, குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பல்பு. 40 குஞ்சு என்றால் 80 வாட் தேவை. அதை இரண்டு 40 வாட்டாகப் போடுங்கள், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சுடுகிறது. வெறும் செய்தித்தாள் மேல் விட வேண்டாம், கால் வழுக்கும். உமி நனைந்தால் உடனே மாற்றுங்கள். மழைக்கால ரத்தக் கழிச்சல் அந்த ஈரத்திலிருந்துதான் கிளம்புகிறது. கோழிக்கழிச்சலுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, நாலாவது வாரம் மறுபடி லசோட்டா, எட்டாவது வாரம் ஊசி. மருந்துப் புட்டி பெரும்பாலும் 100 டோஸ் கொண்டது, கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குஞ்சுகளோடு சேர்த்துப் போட்டுக்கொள்வது சிக்கனம். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். புதுவைக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

யாருக்கு இந்தப் பெட்டி வேண்டும்? வருடத்துக்கு இரண்டு முறை பத்துப் பன்னிரண்டு குஞ்சு போதும் என்பவருக்கு வேண்டாம். நல்ல அடைக்கோழி ஒன்று சூடு, ஈரம், திருப்பல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும், காக்கை பருந்திலிருந்து குஞ்சையும் காக்கும். முட்டை தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருந்து அடைக்கோழி கிடைக்காதவருக்கும், ஒரே வயதில் 30, 40 குஞ்சு எடுத்து வளர்த்து விற்பவருக்கும் இது காசுக்குத் தகும். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்: பெட்டியில் பொரித்த ஒரு நாள் குஞ்சுகளை, அதே சமயம் அடை முடிக்கும் தாய்க்கோழியின் அடியில் ராத்திரி இருட்டில் நுழைத்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

காசைக் கொடுக்கும் முன் கடையில் நான்கு விஷயம் பாருங்கள். 12 வோல்ட்டில் சூடு வருகிறதா, நாட்டுக்கோழி முட்டையை வைத்தால் தட்டு உருட்டுகிறதா, பல்பும் ஃபேனும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் அளவுதானா, தெர்மாகோலின் உட்பக்கம் துடைக்கும்படி பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறதா. உருட்டலைக் காட்ட முட்டை இல்லை என்பார்கள். நான்கு முட்டையைப் பையில் நீங்களே எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் முட்டை வைக்காமல் முழுதாக ஒரு நாள் ஓட்டி, பாட்டில் சோதனையும் உப்புச் சோதனையும் முடித்த பிறகே முதல் ஈட்டை அடுக்குங்கள்.